லொறிக்குக் கயிறு போட விடாத அண்ணை

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து, திருநீறு வாங்க நான் கையை நீட்டிய நேரத்தில்தான் தொலைபேசி அடித்தது. சத்தத்தை அமர்த்தி வைக்க மறந்துவிட்டேன். ஐயர் ஒரு பார்வை பார்த்தார். அண்ணையின் இலக்கம். ரவுண் கடைகளுக்குப் போன மனிசன் வழக்கம்போல எதையாவது வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்பார், "பிள்ளை, மேசையிலை அந்த நட்டுக் கிடக்குதோ பார்" என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன். வேறு யாரோ கதைத்தார்.

"அம்மா, இந்த போன் வச்சிருக்கிறவர் உங்கடை அண்ணையே? நான் லொறிச் சாமான் கடையிலை இருந்து கதைக்கிறன். பக்கத்திலை ஆரும் ஆம்பிளையள் நிக்கினமே?"

அப்படிக் கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. "என்னட்டையே சொல்லும் தம்பி" என்றேன். சொன்னார். அண்ணை கடையின் வாங்குப் பலகையில் இருந்தாராம். மடியில் உரப்பை, அதற்குள் லொறியின் டீசல் பம்ப். "தம்பி, இதுக்குச் சாமான் வராது எண்டு மட்டும் சொல்லாதையும்" என்றாராம். பிறகு தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் தலை சரிந்துவிட்டது.

ஐயர் நீட்டிய திருநீற்றை வாங்காமலே வெளியில் வந்துவிட்டேன். சாவுத் துடக்கு வந்துவிட்டதல்லவா. அன்றிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை. பிள்ளையாரிடம் நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு, செத்தவரின் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்றபோது, அண்ணையின் மகள் தர்சினி என்னிடம்தான் வந்தாள்.

"மாமி, நீங்கள் எழுதுங்கோ. எங்கடை வீட்டிலை கூடக் கதைக்கிறது நீங்கள்தானே."

"நான் எழுதினா கோபத்திலை தான் எழுதுவன், பிள்ளை."

"எழுதுங்கோ. 'பண்பாளர், பாசமிக்கவர்' எண்டு போட்டா அது அப்பா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

ஆகவே எழுதுகிறேன். என் அண்ணை தவராசா பண்பாளர்தான், பாசமிக்கவர்தான். ஆனால் அவரைப் போலப் பிடிவாதம் பிடித்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை. எங்களைப் பெற்ற ஐயாவைத் தவிர.

ஐயாவிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் லொறி ஐயாவின் லொறி. மயிலிட்டித் துறையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். ஏற்றுகிற லொறிகளில் ஒன்று எங்களுடையது. மூக்கு நீண்ட, நீல நிற லொறி. முன் கண்ணாடிக்கு மேலே வேல் ஒன்று கீறியிருக்கும். அண்ணை பள்ளிக்கூடத்தை விட்டவுடனே அதில் ஏறியவர். ஐயா ஓட்ட, அண்ணை பக்கத்தில் இருப்பார். பாதி வழியில் ஐயாவுக்கு நித்திரை வந்தால் அண்ணை ஓட்டுவார்.

ஒருமுறை வவுனியாவுக்கு அங்காலே, காட்டு வழியில் லொறி நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டினத்தில் விடுகிறேன் என்றாராம். ஐயா மாட்டேன் என்றுவிட்டார். அங்கேயே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, லொறிக்குக் கீழே படுத்து, எதைக் கழற்றினாரோ எதைப் பூட்டினாரோ, திருத்தி முடிப்பதற்குள் ஐஸ் எல்லாம் கரைந்து மீன் முழுதும் பழுதாய்ப் போனது. அந்த நாற்றத்தோடு லொறி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை அண்ணை சொன்னால் ஐயாவின் வீரக்கதை. "நாறினது தான். ஆனா தன்ரை காலிலை வந்தது, பிள்ளை" என்பார். அம்மா சொன்னால் அது வேறு கதை. "உங்கடை கொப்பர் ஒரு லொறி மீனைக் கொன்றவர். ஏற்கெனவே செத்த மீனை ரெண்டாந்தரம் கொன்றவர்" என்பார். நான் அம்மாவின் பக்கம். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான்.

பிறகு சண்டை வந்து, ஊரை விட்டு ஓட வேண்டி வந்தது. சட்டி பானை, வலை, ஆடு, அக்கம்பக்கத்துச் சனம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஐயாதான் ஓட்டினார். அளவெட்டியில், வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் வீடு வளவில் வந்து இறங்கினோம். பாவம், நல்ல மனிதர், இருங்கள் என்றார். இருந்தோம். அப்போது டீசல் கண்ணால் காணக் கிடையாது. வேம்புக்குக் கீழே விட்ட லொறி விட்ட இடத்திலேயே நின்றது. ஐயா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். லொறியின் சக்கரங்கள் மண்ணுக்குள் இறங்கின. கதவு துருவேறிக் கறள் பிடித்து ஓட்டை விழுந்தது. ஓட்டுகிறவர் இருக்கிற சீற்றில் எங்கள் கோழி முட்டையிட்டு அடைகாத்தது. வேப்பம்பழக் காலத்தில் காகங்கள் அந்தக் கூரை முழுவதையும் தங்கள் சொத்தாக வைத்திருந்தன.

ஆமியிடம் இருந்த எங்கள் மயிலிட்டிக் காணி திரும்பக் கிடைத்த பிறகும் லொறி அங்கேயே நின்றது. அங்கே வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். மெல்ல மெல்லப் பார்ப்போம் என்று இருந்த நேரத்தில் வளவுக்காரரின் மகன் கதைத்தார். தகப்பன் காலமாகிவிட்டார், வளவை விற்கப் போகிறோம், தைக்கு முன்னம் வீட்டை விட்டு எழும்பித் தாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாங்கள் எழும்பலாம். பானை சட்டியைத் தூக்கலாம். லொறியை என்ன செய்வது?

பழைய இரும்பு வாங்குகிற தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். அவர் பல காலமாக அந்த லொறியில் கண் வைத்திருந்தவர். வெட்டி எடுத்துப் போகிறேன் என்றார். உழவு மெசின் வைத்திருப்பவர் ஒருவர் கயிறு கட்டி மயிலிட்டிக்கு இழுத்து விடுகிறேன் என்றார். அண்ணை இரண்டு பேரையும் வாசல் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

"வெட்டவும் விடன், இழுக்கவும் விடன். அது தன்ரை காலிலை வந்தது. தன்ரை காலிலை தான் போகும்."

அன்று தொடங்கியதுதான் எங்கள் வீட்டுச் சனியன். இந்தச் சொல்லைக் கல்வெட்டில் போடலாமோ என்று யோசித்தேன். போடுகிறேன்.

அண்ணை திருத்துகிற விதம் இப்படி: எதையும் கழற்றி எறியமாட்டார். ஐயாவின் கை பட்ட தகரம் ஒன்றும் வளவை விட்டுப் போகக் கூடாது. கறளைச் சுரண்டுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், தேய்க்கத் தேய்க்க அந்த இடத்தில் ஓட்டை தெரியும். அதற்கு ஒரு துண்டு வைத்து ஒட்டுவிப்பார். ஒட்டிய சூட்டில் பக்கத்துத் தகரம் உதிரும். மழைக்காலம் வந்து, ஒட்டிய இடமெல்லாம் திரும்பவும் கறள் பிடிக்கும். கதவை மூன்று பேராய்த் தூக்கிப் பூட்டினால் அது ஒரு விரல் அகலம் இறங்கி நிற்கும். கழற்றிப் பூட்டினால் இரண்டு விரல்.

ஒட்டுவதற்கு வந்த மேசனிடம் (அவர் வெல்டிங் செய்பவர், எங்கள் ஊரில் வேலைக்கு வருகிற எல்லோரையும் மேசன் என்றே அண்ணை கூப்பிடுவார்) ஒருநாள் நானே கேட்டேன், "தம்பி, இதிலை ஐயாவின்ரை தகரம் இன்னும் எவ்வளவு மிச்சம்?"

"அம்மா, பெயின்ற் தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது. தகரம் எப்பவோ போயிட்டுது."

"உவன் சின்னப் பிள்ளை, உவனுக்கு என்ன தெரியும்" என்று லொறிக்குக் கீழே இருந்து அண்ணையின் குரல் வந்தது.

அண்ணி படாத பாடு பட்டார். அவரின் கூழ் காய்ச்சுகிற பெரிய சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டுகளை ஊறப் போட்டிருந்தார் அண்ணை. ஆடிப்பிறப்பன்று கூழுக்குச் சட்டியைத் தேடியபோதுதான் தெரிந்தது.

"இனி இதிலை கூழ் காச்சினா லொறியும் குடிக்கும், நாங்களும் குடிக்கலாம்" என்றார் அண்ணி.

"நல்லாக் கழுவினா மணம் போகும்."

"உங்களையே இவ்வளவு காலமாக் கழுவுறன், உந்த மணம் போகேல்லை."

அண்ணை சிரித்தார். அவருக்குக் கோபம் வராது. அதுதான் எங்களுக்கு இன்னும் கோபம். எவ்வளவு ஏசினாலும் "ஓம், ஓம்" என்பார். பிறகு தான் நினைத்ததைத்தான் செய்வார்.

டீசல் தாங்கியைப் பற்றி நானும் சொன்னேன், அண்ணியும் சொன்னார், ஒட்ட வந்த தம்பியும் சொன்னார். உள்ளே முழுக்கக் கறள். தட்டினால் மணல் போலச் சலசலக்கும். புதுத் தாங்கி ஒன்று போடுங்கள் என்றோம். அந்தத் தாங்கியின் அடியில் ஐயா ஒருமுறை தன் கையால் ஒட்டிய ஒட்டு ஒன்று இருந்தது. "அந்த ஒட்டு இன்னும் கசியேல்லை பாத்தியே" என்று தடவிக் காட்டுவார். தாங்கி மாறவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை. நான் முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று வேம்பே ஆடியதுபோல ஒரு சத்தம். ஒரு கறுப்புப் புகை எழும்பிக் கோலம், நான், துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சாறி எல்லாவற்றையும் மூடியது. அண்ணி அகப்பையோடு ஓடி வந்தார். லொறி ஓடுகிறது! நின்ற இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டு ஓடுகிறது! அண்ணை உள்ளே இருந்து பல்லைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்:

"பவளம், தேசிக்காயைக் கொண்டு வா! இப்பவே மயிலிட்டிக்குப் போறம்!"

"நேரம் பாக்கேல்லையே அண்ணை, இராகு காலம்..."

"இராகுவுக்கு லொறி ஓடத் தெரியுமே? கெதியா வை, பிள்ளை!"

வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு தேசிக்காய். முருகா என்று கும்பிட்டேன். லொறி நாலையும் நசித்துக்கொண்டு முன்னே போனது. அவ்வளவு காலம் நின்ற குழியை விட்டு வெளியே வந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. பொய் சொல்லவில்லை, அந்தப் புகையால் மட்டும் வந்த கண்ணீர் அல்ல.

படலையைத் தாண்டி முன் சக்கரம் தெரு ஒழுங்கையில் ஏறியது. சரியாக அந்த நேரம் பார்த்து இரும்புக்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். வாயைப் பிளந்தார்.

"ஐயா! எங்கை கொண்டு போறியள்?"

எங்கள் பக்கத்தில் பயணம் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்பதில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் "தூரமோ" என்று கேட்பார்கள். கடலுக்குப் போகிறவர்களிடம் அதையும் கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டால் கரைக்குத் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வள்ளம் இறங்கும். அண்ணை விரதம் பிடிக்க மாட்டார், என் இராகு காலத்தைப் பகிடி பண்ணுவார். ஆனால் இது அவருக்கு ஐயாவிடமிருந்து வந்தது. கடலிலிருந்து வந்தது. அண்ணையின் முகம் மாறியதைக் கண்டேன். லொறியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினார்.

நான் ஓடினேன். "அண்ணை, நிப்பாட்டாதேங்கோ! ஓட விட்டிட்டு இறங்கி வாங்கோ. நான் செம்பிலை தண்ணி கொண்டு வாறன்!"

"நான் மட்டும் திரும்பினா அது திரும்பினதே? லொறியும் திரும்ப வேணும்."

"பிள்ளையாருக்கு விளங்கும் அண்ணை!"

"பிள்ளையார் கடலுக்குப் போனவரே?"

வேம்புக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். சத்தம் அடங்கியது. இறங்கி வந்து கதிரையில் இருந்து, செம்புத் தண்ணீரை முழுவதும் ஆறுதலாகக் குடித்தார். பிறகு ஏறி, இயந்திரத்தைக் கிளப்பத் திறப்பைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றியது. பற்றறியில் இருந்த உயிர் முழுவதும் போகும்வரை சுற்றினார். பிடிக்கவேயில்லை.

"நான் சும்மா தானே ஐயா கேட்டனான்" என்றார் இரும்புக்காரத் தம்பி.

"சும்மா கேக்கிற வாயைச் சும்மா வச்சிருக்க ஏலாதே?" என்று நான் அவர்மீது பாய்ந்தேன். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு லொறியின் பொனற்றைத் திறந்தார்.

தாங்கியிலிருந்த கறள் தூள் பம்புக்குள் போய் இறுகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தால் மயிலிட்டிவரை போயிருக்கும் என்றார் ஒருவர். ஒழுங்கை முடியுமுன் நின்றிருக்கும் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டையும் கேட்க விருப்பமில்லை. அதன்பிறகு அண்ணை அந்தப் பம்பைக் கழற்றி உரப்பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிக் கடை கடையாகத் திரிந்தார். இந்த வகைக்கு இனிச் சாமான் வராது என்பார்கள். வந்து, உரப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு சாப்பிட இருப்பார்.

"விடுங்கோ அண்ணை, உழவு மெசினைக் கூப்பிட்டுக் கட்டி இழுப்பம். மயிலிட்டியிலை நிண்டு ஆறுதலாத் திருத்துங்கோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"கட்டி இழுக்க அது செத்த மாடே?"

இதுதான் அண்ணை என்னிடம் கோபமாகச் சொன்ன ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு அந்தத் தொலைபேசி வந்தது.

செத்த வீட்டன்று சனம் நிறைய வந்தது. வெயிலுக்குத் தறப்பாள் கட்ட வந்த பொடியள் ஒரு பக்கக் கயிற்றை வேம்பில் கட்டினார்கள், மறுபக்கக் கயிற்றை லொறியின் முன்பக்கத்தில் கட்டப் போனார்கள். அண்ணையின் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்த அண்ணி அப்படியே எழும்பி வந்தார்.

"அதிலை கயிறு போடாதேங்கோ!"

சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. கூழ்ச் சட்டிக்காக எவ்வளவு சண்டை பிடித்தவர்! போய்த் திரும்பவும் தலைமாட்டில் இருந்தார். பொடியள் கம்பு நட்டுக் கட்டினார்கள்.

ஆனால் தை நெருங்கிவிட்டது. அண்ணை எங்களை எதில் விட்டுவிட்டுப் போனார் என்று பாருங்கள். வெட்டக் கூடாது. இழுக்கக் கூடாது. ஓட வேண்டும். ஓட்டுகிறவர் இல்லை, பம்ப் இல்லை. வளவுக்காரரின் மகன் பாவம், செத்த வீடு என்று அறிந்து வாய் திறக்கவில்லை, ஆனால் வாங்குகிறவர்கள் வேலி அடைக்க ஆள் கூட்டி வந்துவிட்டார்கள். எனக்கு அண்ணைமீது வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. செத்தவரோடு சண்டை பிடிக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள பெரிய கரைச்சல்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று இரும்புக்காரத் தம்பி வந்தார். வாசலிலேயே ஒதுங்கி நின்றார். "அம்மா, நான் தான் கேட்டனான்" என்றார் அண்ணியிடம்.

"நீ கேக்காட்டிலும் தாங்கிக்குள்ளை கறள் கிடந்ததுதானே, தம்பி. உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடி."

தேத்தண்ணியோடு அவர் சொன்னார், வெட்டச் சொல்லி இனிக் கேட்க மாட்டேன் என்று. அதனால் எங்கள் சிக்கல் தீரவில்லை. அப்போது எங்கள் மாமாவின் மகன், மயிலிட்டியில் வள்ளம் வைத்திருக்கிறவர், வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"அக்கா, அத்தான் இழுக்கக் கூடாது எண்டு தானே சொன்னவர்?"

"ஓம்" என்றார் அண்ணி.

"தள்ளக் கூடாது எண்டு சொன்னவரே?"

அண்ணி யோசித்தார். நானும் யோசித்தேன். அவர் வாழ்நாளில் சொன்ன எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தோம்.

"இல்லை. சொல்லேல்லை."

"அப்ப வள்ளம் தள்ளுற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

வந்தார்கள். மயிலிட்டிக் கடற்கரையில் வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளுகிற தோள்கள். பாரமான மெசின்கள் ஏற்றுகிற தட்டை லொறி ஒன்று ஒழுங்கை முகப்பில் நின்றது. இவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் தோளைக் கொடுத்தார்கள். இரும்புக்காரத் தம்பியும் ஒரு மூலையில் தோளைக் கொடுத்தார். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் ஏலோ என்று வாங்கிக்கொண்டார்கள். முதலில் அசையவில்லை. கதவு ஒன்று கழன்று விழுந்தது. "கதவு போனாப் போகட்டும், ஆள் வாறார்!" என்று கத்தினார் மாமாவின் மகன். அசைந்தது. படலையைத் தாண்டியது. பலகை போட்டு, தட்டை லொறியின்மேல் ஏற்றினார்கள். ஒரு முழக் கயிறுகூட எடுக்கவில்லை. ஏற்றிய பிறகு விழாமல் கட்ட வேண்டும் என்றார் தட்டை லொறிக்காரர். அண்ணி சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொன்னார். "மெல்ல ஓடும் தம்பி. அவசரம் ஒண்டும் இல்லை."

மெல்லத்தான் ஓடினார். பின்னால் ஓட்டோவில் நானும் அண்ணியும். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். இப்படித் தள்ளலாம் என்று அண்ணை இருக்கும்போதே ஒருவரும் யோசிக்கவில்லையே. பஸ்ஸில் அந்தப் பம்பைச் சுமந்து திரியாமல் இருந்திருப்பாரே.

மயிலிட்டிக் காணியில் இறக்கும்போது மாமாவின் மகன் கேட்டார், முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று. கடலைப் பார்க்க வைத்தால் வடிவாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். தர்சினி படம் எடுக்கத் தொலைபேசியைத் தூக்கிவிட்டாள். அண்ணி மட்டும் மாட்டேன் என்றார்.

"கடலைப் பாத்தபடி நிண்டா, நிண்டது தான். வெளிக்கிடுற வாகனம் றோட்டைப் பாத்து நிக்க வேணும்."

மறுபடி எல்லோரும் தோள் கொடுத்து, மூச்சு வாங்க வாங்கத் திருப்பினார்கள். இப்போது அது றோட்டைப் பார்த்தபடி நிற்கிறது, ஒரு கதவில்லாமல், நெற்றியில் பாதி வேலோடு. உப்புக் காற்றில் இன்னும் கெதியாகக் கறள் பிடிக்கும். அண்ணையின் மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கிறேன் என்கிறார். அண்ணி புது டீசல் தாங்கி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

அண்ணை, உங்களைச் சிவன் தன் காலடியில் வைத்திருக்கட்டும். துடக்குக் கழிந்து கோயிலுக்குப் போனவுடன் முதல் அர்ச்சனை உங்கள் பெயருக்குத்தான். என் கோபம் ஆற இன்னும் கொஞ்ச நாள் செல்லும். நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் ஆறுதலா வாறன்.